ஸ்கொட்காரியும் மயில்நீலச் சேட்டும்

உங்களுக்கு வேறை வேலைவெட்டி இல்லையே? ஒரு வெள்ளைக்காரி ரீவியிலையிருந்து ஓய்வெடுத்திட்டா எண்டதுக்கு என்னை ஏன் வந்து விசாரிக்கிறியள்? அவவின்ரை சீவிய சரித்திரம் வேணுமெண்டால் அவவைப் போய்க் கேளுங்கோ. ஸ்கொட்லாந்திலை காத்து அடிக்கிற ஒரு மூலையிலை, வாசலிலை செம்மறியாடு நிக்கிற வீட்டிலை இருக்கிறா. போய்ச் சேர ரெயின், பஸ், பிறகு கப்பல். நான் கிட்ட இருக்கிறன், ரீயும் தருவன் எண்டாப்போலை ஓடி வந்திட்டியள்.

போனை மேசையிலை கவிட்டு வைச்சிருக்கிறது எனக்குத் தெரியாதெண்டு நினைக்காதேங்கோ. பதிவு செய்யிறதெண்டால் செய்யுங்கோ. ஆனா இந்தப் பக்கமா இருந்து எடுங்கோ, மற்றப் பக்கத்துப் பல்லு விழுந்திட்டுது.

சரி, உங்களிலை ஆர் அந்தக் கையைக் கண்டுபிடிச்சது? நீயே? கெட்டிக்காரி. அவவின்ரை பிரியாவிடை நிகழ்ச்சியிலை ஒரு பழைய படம் போட்டவை. பரிஸிலை எங்கடை கடையள் இருக்கிற லாச்சப்பலிலை, மெற்றோ ரெயின் போற பாலத்துக்குப் பக்கத்திலை, மழையுக்கை நிண்டு அவ கதைக்கிறா. ஓரத்திலையிருந்து ஒரு கை குடை பிடிக்குது. ஆளைக் காணேல்லை, கை மட்டும்தான். அதிலை ரெண்டு காப்பு. "அன்ரி, உது உங்கடை காப்பெல்லோ?" எண்டு கேட்டுக்கொண்டு மூண்டு பேரும் படியேறி வந்து நிக்கிறியள். ஓம், என்ரை காப்புத்தான், என்ரை கைதான். முகம் வராத ஒரு ஆளை எங்கடை சனம் எப்பிடிக் கண்டுபிடிக்கும் எண்டு இப்ப விளங்குதோ? அதை மனசிலை வைச்சிருங்கோ. கதை அதிலைதான் கிடக்குது.

நீங்களும் இப்ப வெளிநாட்டு ரீவிக்காரரோடை மொழிபெயர்க்கப் போறியளாம். நல்ல தொழில். குளிருக்கை நிக்கவேணும், ஆனா மத்தியானச் சாப்பாடு அவைதான் வாங்கித் தருவினம். கமராவைப் பற்றி என்னட்டைக் கேக்காதேங்கோ. அது பெட்டி, பாரம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடமும் அப்பிடித்தான். எங்கடை பள்ளிக்கூடக் கூரை ஒழுகும், மழை எண்டால் லீவு. நான் படிச்ச காலத்திலை நல்ல மழை.

நான் அவவை முதல் கண்டது லாச்சப்பலிலை, ரூ து ஃபொபூர் சென் தெனி எண்ட தெருவிலை, நான் நிண்ட கடையிலை. றோல்ஸ், வடை, கட்லட் வைக்கிற கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாலை எனக்கு வேலை. உயரமான மனிசி, நரைச்ச தலை, முழங்காலுக்குக் கீழை தொங்குற கோட்டு. பின்னாலை கமராவோடை ஒரு பிரெஞ்சுக்காரன். கமரா கடைக்குள்ளை நுழைஞ்ச உடனை மீன் பக்கம் நிண்ட ஆம்பிளையள் எல்லாம் மாயமாப் போட்டினம். ஒருத்தர் அரிசி மூட்டைக்குப் பின்னாலை குந்தியிருந்து விலை வாசிக்கிறார், எழும்பவே இல்லை. நான் எங்கை ஓடுறது? எனக்கு முன்னாலை வடை.

"இதிலை எது நல்லது?" எண்டு பிரெஞ்சிலை கேட்டா.

"வடையை எடுங்கோ. றோல்ஸ் நேற்றையான்" எண்டன்.

முதலாளி என்னைப் பாத்த பார்வை இருக்கே! அவ சிரிச்சா. "இந்தத் தெருவிலை இவ்வளவு நாளாத் திரியிறன், உண்மை சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்." வடையைத் திண்டு முடிச்சிட்டு, தன்னோடை மொழிபெயர்க்கிற வேலைக்கு வாறீங்களோ எண்டு கேட்டா. எனக்கு இங்கிலிஸ் தெரியாது, பிரெஞ்சும் அரைகுறை எண்டன். "என்ரையும் அப்பிடித்தான்" எண்டா. மெய்தான். ரெண்டு பேற்றை பிரெஞ்சும் ஓட்டைதான். ஆனா ஓட்டை வேறை வேறை இடத்திலை, அதாலை ஒருமாதிரி ஒழுகாமல் சமாளிச்சம்.

ஒண்டு மட்டும். அவவை இங்கிலிஸ்காரி எண்டு சொல்லிப்போடக் கூடாது. நான் ஒருக்காச் சொல்லிப்போட்டு, கார் து நோர் ரெயின் ஸ்ரேசன் வரும்வரைக்கும் அவவின்ரை முதுகைத்தான் பாத்துக்கொண்டு வந்தனான். பிறகு எனக்கு விளங்கிச்சுது. எங்களையும்தானே இஞ்சை எல்லாரும் "இந்தியனோ?" எண்டு கேக்கினம், நாங்களும் மூஞ்சையை நீட்டுறம்.

அவவின்ரை கதை முழுக்க எனக்கு வந்தது ஆர்.ஈ.ஆர். டி ரெயினுக்குள்ளை. அது பழுதாகி நிக்க நிக்க ஒவ்வொரு துண்டா வரும். தகப்பன் மீன்பிடிகாரன். தாய் மீன் புகையடிக்கிற கொட்டிலிலை வேலை. பள்ளிக்கூடம் முடிஞ்ச கையோடை துறைமுகத்திலை ஒரு சின்னப் பேப்பரிலை சேர்ந்திருக்கிறா. கடலுக்குப் போய்த் திரும்பாத ஆக்களின்ரை வீடுகளுக்குப் போய், செத்த ஆளின்ரை படம் ஒண்டு தாங்கோ எண்டு கேட்டு வாங்கிறதுதான் முதல் வேலை. யோசிச்சுப் பாருங்கோ, இருவது வயசுப் பெட்டை, அழுகிற வீட்டு வாசலிலை. அங்கை ஒரு கிழவன் ஆசிரியராம். பேர் ஒருநாளும் சொன்னதில்லை, "கிழவன்" எண்டுதான் சொல்லுவா. அந்தக் கிழவன் சொல்லி அனுப்பினது ஒண்டுதானாம்: "அவை ரீ தந்தால் குடிச்சு முடி. முடிக்க முதல் படம் எண்டு வாய் திறக்காதை." இஞ்சை எங்கடை வீடுகளிலையும் அவ அப்பிடித்தான். சீனி தூக்கலாப் போட்ட ரீயை ஒரு முகச்சுழிப்பும் இல்லாமல் அடிமட்டும் குடிப்பா.

பிறகு ரீவி. ஆனா உடனை செய்திக்கு விடேல்லை. "உன்ரை இங்கிலிஸ் தொண்டைக்குள்ளை கல்லு உருளுற மாதிரிக் கிடக்குது, சனத்துக்கு விளங்காது. போய்ப் பேசிப் பழகிக்கொண்டு வா" எண்டவையாம். அதுவரைக்கும் மழை, காத்து, பனி எண்டு வானிலை வாசிக்க விட்டவை. கனவருசம் வானிலை. அவ பழகப் போகவுமில்லை, கல்லை எடுக்கவுமில்லை. கடைசியிலை அவைதான் களைச்சுப்போய் செய்திக்கு விட்டவை. அதுக்குப் பிறகு குண்டு விழுகிற நாடெல்லாம் போனவ. புருசன் பாத்துப் பாத்து இருந்திட்டு, வீட்டுப் பூக்கண்டுக்குத் தண்ணி ஊத்த வந்தவளோடை போயிட்டான். "பூக்கண்டாவது தப்பிச்சுது" எண்டு சொல்லிச் சிரிப்பா. சிரிச்சுப்போட்டு யன்னலுக்கு வெளியாலை பாப்பா. நானும் என்ரை பக்கத்து யன்னலாலை பாப்பன்.

மொழிபெயர்ப்பிலை நான் வாங்கின முதல் ஏச்சைச் சொல்லுறன், இது உங்களுக்கு வேணும். நான் இருக்கிற சென் தெனியிலை, சந்தையிலை ஒரு தகப்பன் கதைச்சார். மகன் தன்னோடை தமிழிலை கதைக்கிறானில்லை, தான் என்ன கேட்டாலும் பிரெஞ்சிலை மறுமொழி சொல்லிப்போட்டுக் கதவைச் சாத்துறான் எண்டு தொடங்கி, மனிசியோடை வந்த சண்டை வரைக்கும் போய், கண்ணைத் துடைச்சுத் துடைச்சுச் சொன்னார். நான் திரும்பி அவவுக்குச் சொன்னன், "அவருக்குக் கவலையாம்."

அவ என்னைப் பாத்தா. "இவ்வளவு நேரம் கதைச்சார். மிச்சம் எங்கை?"

"மிச்சம் குடும்பக் கதை. அதெல்லாம் உங்களுக்கென்னத்துக்கு?"

ஏசப்போறா எண்டு பாத்தன். "சரி. சொல்லக்கூடாத கதை எண்டால், சொல்லக்கூடாத கதை ஒண்டு இருக்கு எண்டு எனக்குச் சொல்லு. சுருக்கித் தராதை. சுருக்கினால் அந்த மனிசன் வேறை ஆளாப் போயிடுவார்" எண்டா. இதுதான் அவ ஏசுற விதம். ஒரு சத்தமும் இருக்காது, ஆனா ரெண்டு நாளைக்குக் காதுக்குள்ளை நிக்கும்.

இனித்தான் சீலன்ரை கதை.

பரிஸிலை இருக்கிற றெஸ்ரோறண்டுக் குசினியளுக்குள்ளை ஆர் நிக்கினம், அவையின்ரை சீவியம் எப்பிடி எண்டு ஒரு படம் செய்யவேணும் எண்டு நிண்டா. எங்கடை பெடியள் ஒருத்தரும் வாய் திறக்கினமில்லை. "முதல்லை சனத்தோடை இருந்து சாப்பிடுங்கோ, பிறகு கேளுங்கோ" எண்டு சொல்லி, ஓல்னே எண்ட ஊரிலை ஒரு பெட்டை பெரியபிள்ளையாகி நடந்த சாமத்தியவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனன். சும்மா பாக்கத்தான். ஆனா கமராக்காரன் கமராவையும் தோளிலை போட்டுக்கொண்டு வந்திட்டான். அவன் அதைக் காரிலை விடமாட்டான், பிள்ளை மாதிரி.

மண்டப வாசலிலை கால் வைக்கேல்லை, தாய்மாமன் பாய்ஞ்சு வந்தான். அவன்தான் சீலன். மயில்நீலச் சேட்டு, கொலரைச் சுத்திப் பொன்நூல் வேலை, நெத்தியிலை வியர்வை. "எங்கை இவ்வளவு நேரமும்? தட்டெல்லாம் தூக்கியாச்சு, உள்ளை வாங்கோ, கெதியா!" எண்டு ஸ்கொட்காரியின்ரை கையைப் பிடிச்சு இழுக்கிறான். நடந்தது என்னெண்டால், அவை பிடிச்ச வீடியோக்காரர் ஆர்.ஈ.ஆர். டியிலை மாட்டுப்பட்டுப் போச்சினம். கமராவைக் கண்டதும் இவைதான் அவை எண்டு முடிவு கட்டிட்டினம். எங்கடை ஆக்களுக்குக் கமரா எண்டால் ஒரே அர்த்தம், வீடியோ. படம் எடுக்காத சாமத்தியவீடு நடந்ததாக் கணக்கில்லை. கனடாவுக்கு என்னத்தை அனுப்பிறது?

நான் வாய் திறக்கப் போனன். அவ என்ரை கையை ஒருக்கா அமத்திப்போட்டு உள்ளை போயிட்டா.

ஐயோ பிள்ளையள், நீங்கள் பாத்திருக்கவேணும். போர்க்களத்திலை நிண்ட மனிசி. "மதாம், இஞ்சாலை! மதாம், தட்டை எடுக்கேல்லை, திரும்பி வா! பெரியப்பாவின்ரை பக்கம் வடிவா எடு!" எண்டு எல்லாரும் கலைக்கினம். அவ கமராக்காரனைக் கூட்டிக்கொண்டு ஓடுறா. தாய்மாமன் பகுதி எல்லாரும் ஒரே மயில்நீலச் சேட்டு, இந்தியாவிலை சொல்லித் தைப்பிச்சது, வேறை எங்கையும் வாங்கேலாது எண்டு சீலன் எனக்கு வேறை சொன்னவன். அந்தச் சேட்டுக்காரர் எல்லாரும் வரிசையா நிண்டு, சிரிக்காமல், கடவுச்சீட்டுப் படத்துக்கு நிக்கிற மாதிரி நிக்கினம். அவ ஒவ்வொருத்தரா எடுப்பிச்சா. பிள்ளை சாறி மாத்தி மாத்தி வர வர எடுப்பிச்சா. உண்மையான வீடியோக்காரர் வந்து சேரச் சனம் பாயசம் குடிக்குது.

"ஏன் ஆரெண்டு சொல்லேல்லை?" எண்டு பிறகு கேட்டன். "அவைக்கு ஒரு கமரா தேவைப்பட்டுது. என்னட்டை ஒண்டு இருந்துது" எண்டா. படம் முழுக்கச் சுத்தமா வெட்டி ஒட்டி அந்த வீட்டுக்குக் குடுத்தவ. அது கனடா, லண்டன், யாழ்ப்பாணம் எண்டு எல்லா வீட்டிலையும் ஓடிச்சுது. சேட்டும் ஓடிச்சுது.

அதுக்குப் பிறகு சீலனுக்கு அவ "எங்கடை வீடியோக்காரி". அவனாத்தான் வந்து சொன்னவன், "அன்ரி, நான் கதைக்கிறன். ஆனா முகம் வரக்கூடாது."

முகம் வரக்கூடாததுக்குக் காரணம் இருந்துது. சீலன் வன்னியிலையிருந்து வந்தவன். அகதிக் கேஸ் ஒருக்கா மறுத்து, மேல்முறையீடு போட்டுப் பாத்துக்கொண்டு இருந்தவன். வேலை செய்தது வேறை ஒருத்தற்றை விசாக் கார்ட்டிலை, அவற்றை பேரிலை. கார்ட் குடுத்த மனிசனும் எங்கடை ஆள்தான், பிள்ளை குட்டிக்காரன், பாவப்பட்டுக் குடுத்தது. முதலாளிக்கும் தெரியும், ஆனா தெரியாத மாதிரி நடந்துகொள்ளுவார். ரீவியிலை வந்திட்டால் பிறகு தெரியாத மாதிரி நடக்கேலாது. இவன்ரை வேலை போகும், கேஸ் போகும், அந்த மனிசன்ரை கார்ட்டும் போகும்.

ஒரு அறையிலை கதிரையைப் போட்டு, வெளிச்சத்தைப் பின்னாலை வைச்சு, முகம் இருட்டா வாற மாதிரி எடுத்தவை. சீலன் எப்பிடி வந்தான் எண்டு நினைக்கிறியள்? தலைமயிர் வெட்டி, மீசை ஒதுக்கி, பவுடர் பூசி, அந்த மயில்நீலச் சேட்டோடை. "டேய், உன்ரை முகம்தானே வராது" எண்டன். "எண்டாலும் அன்ரி, ரீவியெல்லோ?" எண்டான். எனக்கும் அது சரியாத்தான் பட்டுது. கொலர் மடிஞ்சு கிடந்தது, இழுத்து நேராக்கி விட்டன்.

ஆனா அவன் கதைச்சது... உங்களுக்குச் சுருக்கித் தரமாட்டன். "வேலையிலை எல்லாரும் என்னை அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகினம். முதல்லை அந்தப் பேருக்குத் திரும்பிப் பாக்க மறந்துபோவன், ஏச்சு விழும். இப்ப நல்லாப் பழகிட்டுது. இப்ப பிரச்சினை என்னெண்டால் அன்ரி, அம்மா ரெலிபோனிலை சீலன் எண்டு கூப்பிட்டால் ஒரு நொடி பிந்தித்தான் அது நான் எண்டு விளங்குது. அம்மாவுக்கு அது விளங்கிட்டுது போலை. இப்ப ரெண்டு தரம் கூப்பிடுறா." அதை நான் ஒரு சொல்லும் விடாமல் பிரெஞ்சிலை சொல்லி முடிச்சன். கமராக்காரன் வாயிலை வைச்ச பிஸ்கட்டைக் கடிக்கேல்லை.

படம் போற நாள். ஆறு மணிச் செய்தி. மத்தியானம் தாண்டி அவவின்ரை ஒப்பீசிலை அவவும் கமராக்காரனும் நானும் இருந்து கடைசித்தரம் பாக்கிறம். சீலன்ரை துண்டுதான் நடு. அதை எடுத்தால் மிச்சம் வெறும் குசினிப் புகை. முகம் இருட்டு, குரலுக்கு மேலை இங்கிலிஸ் குரல். எல்லாம் சரி.

அவ திடீரெண்டு படத்தை நிப்பாட்டச் சொன்னா. கிட்டப் போய்ப் பாத்தா. "இந்தச் சேட்டை நான் எடுத்திருக்கிறன்" எண்டா. "ஒரு வரிசை இருந்துது."

நானும் எழும்பிக் கிட்டப் போய்ப் பாத்தன்.

"இதைக் கண்டால் ஆருக்குத் தெரியும்?" எண்டு கேட்டா.

"ஆருக்குத் தெரியாது எண்டு கேளுங்கோ" எண்டன். "அது அந்தச் சாமத்தியவீட்டுச் சேட்டு. அதிலை ஒல்லியா, தோள் இறங்கின ஆள் ஒருத்தன்தான். கனடாவிலை இருக்கிற கிழவியும் சொல்லும், உது தாய்மாமன் சீலன் எண்டு."

கமராக்காரன் நிறத்தை எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாத்தான். பொன்நூல் வெள்ளையா மின்னுது, இன்னும் வடிவா. சேட்டை மறைச்சால் ஆளே இல்லை. நான் சொன்னன், "நான் ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு அந்தக் கதிரையிலை இருக்கிறன், இருட்டுத்தானே, ஆருக்குத் தெரியப்போகுது?" எனக்கு அது பெரிய யோசினை. அவ தலையை ஆட்டினா. "நீ இருந்தால் அது நாடகம். நாடகத்துக்கு வேறை நேரம் இருக்கு, ஆறு மணி செய்திக்கு."

சீலனுக்கு அடிச்சுப் பாப்பம் எண்டு நான் போன் எடுத்தன். குசினியிலையிருந்து கோப்பை கழுவுற சத்தத்தோடை கதைச்சான்.

"போடுங்கோ அன்ரி! நான் பயப்பிடேல்லை. எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

"என்னது? ஆருக்குச் சொன்னனீ?"

"பெரிசா ஒருத்தருக்கும் இல்லை. அம்மாவுக்கு, அத்தானுக்கு, அக்காக்கு. பிறகு எங்கடை பில்டிங்கிலை மலரக்காவுக்கு."

"ஊர்ப் புதினம் காவுற மலருக்கோ! டேய் விசரா, முகம் வராது எண்டு கெஞ்சினது நீதானேடா?"

"முகம் வராது எண்டும் சொன்னனான் அன்ரி. கண்ணூறு படும் எண்டு மறைக்கினமாம் எண்டனான். என்ரை சமையலைப் பற்றிக் கேட்டவை எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்."

சிரிக்கிறியளே? சிரியுங்கோ. ஒளிச்சிருக்கிற மனிசன் ஊரைக் கூட்டிவைச்சு, நான் ஒளிச்சிருக்கிறதைப் பாருங்கோ எண்டு சொல்லிப்போட்டு நிக்கிறான். நாங்கள் இப்பிடித்தான்.

நான் ஸ்கொட்காரிக்கு முழுக்கச் சொன்னன். ஒண்டும் சுருக்கேல்லை. "அவன் போடச் சொல்லுறான். அவன்ரை படம், அவன்ரை விருப்பம்" எண்டும் சொன்னன்.

அவ கதிரையிலை சாஞ்சு இருந்து, ஒரு பென்சிலை எடுத்து மேசையிலை உருட்டினா. உருட்டி உருட்டி நிப்பாட்டினா. "சீலனுக்குச் சீலன் ஓம் சொல்லலாம்" எண்டா. "கார்ட் குடுத்த மனிசனுக்கு ஆர் ஓம் சொல்லுறது?"

நீங்கள் சொல்லுங்கோ பாப்பம். உங்களிட்டை மறுமொழி இருக்கோ?

மேலை இருக்கிற ஆசிரியருக்கு ரெலிபோன் எடுத்தா. அவர் கத்தினது எனக்கு இஞ்சாலை கேட்டுது, மொழி விளங்காமலே விளங்கிச்சுது. ஆளில்லாத கதையை ரீவியிலை எப்பிடிப் போடுறது எண்டுதான். அவ கத்தேல்லை. "ஆள் நான் நிக்கிறன்" எண்டவவாம், சொல்லிப்போட்டு வைச்சா. கோட்டை எடுத்தா. "குடை வைச்சிருக்கிறியோ?"

அப்பிடித்தான் நாங்கள் லாச்சப்பலுக்கு ஓடினம். மெற்றோ மேலாலை போற பாலத்துக்குப் பக்கத்திலை, மழை சாடையாத் தூறுது. கமராக்காரன் நான் படத்துக்கு வெளியிலை நிக்கிறன் எண்டு நினைச்சுத்தான் எடுத்தவன், ஆனா கை உள்ளை வந்திட்டுது. அவ சீலன் சொன்னதை, அவன் சொன்ன மாதிரியே, தன்ரை தொண்டைக் கல்லோடை சொன்னா. இந்தப் பக்கத்திலை ஒரு குசினி இருக்கு, அதுக்குள்ளை ஒரு ஆள் இருக்கிறார், அவரைத் தாய் ரெண்டு தரம் கூப்பிடுறா எண்டு சொன்னவவாம். இடையிலை மெற்றோ ஒண்டு இரைஞ்சுகொண்டு போக, மேலை கையைக் காட்டி, அது போகுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டா. பேர் சொல்லேல்லை, ஊர் சொல்லேல்லை, சேட்டும் இல்லை.

அதுக்குப் பிறகு அவவுக்கு ஒரு பெரிய இடம் குடுக்கப்போறம் எண்டு சொன்னவை குடுக்கேல்லை. உனக்கு இனி ரேடியோதான் சரி எண்டு பகிடி பண்ணினவையாம். ஓய்வெடுக்குமட்டும் பரிஸிலைதான் நிண்டா. "வடை இஞ்சைதானே இருக்கு" எண்டுவா. ஆனா பிரியாவிடைக்கு எந்தப் படத்தைப் போடுறது எண்டு அவவைக் கேட்டபோது, குண்டு விழுந்த நாடெல்லாம் கிடக்க, அவ கேட்டது குடைப் படத்தை. அதைச் சொல்ல எனக்கு ரெலிபோன் எடுத்தவ, பின்னாலை ஆடு கத்துது.

சீலன்ரை கேஸ் பிறகு சரிவந்துது. இப்ப சொந்தப் பேரிலை வேலை, மனிசியையும் கூப்பிட்டிட்டான். கார்ட் குடுத்தவருக்கும் ஒரு பிரச்சினையும் வரேல்லை. முதலாளி அடுத்த நாள் சீலனைக் கூப்பிட்டு, "நீ ரீவியிலை என்னவோ கதைச்சியாம்?" எண்டு கேட்டவர்தான். ஆனா அதுக்குள்ளை கதை வேறையாப் போச்சுது.

எப்பிடிப் போச்சுதெண்டோ? அண்டைக்குப் பின்னேரம் சென் தெனிக்கு வந்து, எங்கடை பில்டிங் படியிலை ஏற, மலர் வீட்டுக் கதவு திறந்து கிடக்குது. உள்ளை சனம், மிக்சர், ரீ. பெரிய ரீவியிலை ஸ்கொட்காரியின்ரை செய்தி முடிஞ்சு, வேறை ஏதோ போகுது.

"வாருங்கோ அக்கா, வாருங்கோ" எண்டா மலர். "சீலன் வருவான் எண்டு ஒரு மணித்தியாலமாப் பாத்துக்கொண்டு இருக்கிறம். ஒரு வெள்ளைக்காரி குடைக்குக் கீழை நிண்டு கதைச்சுப்போட்டுப் போறாள். அந்தக் குடை பிடிச்சது உங்கடை கையெல்லோ? காப்பை எனக்குத் தெரியாதே?"

பாத்தியளே? முகமில்லாமல் என்னைப் பிடிச்சிட்டாள்.

"ஓம், என்ரை கைதான்" எண்டன்.

"அப்ப அவள் என்ன சொன்னவள்? சீலன் எங்கை?"

அந்த ஒரு நொடியிலை எனக்கு ஆர்.ஈ.ஆர். டியிலை அவ சொன்ன வானிலைக் கதைதான் ஞாபகம் வந்துது. "சீலனோ? சீலனை ஆர் ரீவியிலை எடுக்கப்போகினம்? உவன் சும்மா புளுகியிருக்கிறான். அந்த மனிசி வானிலை வாசிக்கிற மனிசி மலர். மழையைப் பற்றித்தான் சொன்னவ. இல்லாட்டிக் குடை என்னத்துக்கு?"

மலர் நம்பேல்லை. மனிசனைத் திரும்பிப் பாத்தாள். அவர் யாழ்ப்பாணத்திலை கந்தோரிலை கிளாக்கரா இருந்தவர், பில்டிங்கிலை இங்கிலிஸ் தெரிஞ்ச ஒரே ஆள். எல்லாற்றை கடுதாசியும் அவர்தான் வாசிக்கிறது. "நீங்கள் கேட்டுக்கொண்டுதானே இருந்தனீங்கள், என்னப்பா சொன்னவள்?"

கிளாக்கர் அண்ணை கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். வடிவாத் துடைச்சார். அந்தத் தொண்டைக் கல்லுக்குள்ளையிருந்து ஒரு சொல்லும் அவருக்குப் பிடிபடேல்லை, அது அவற்றை முகத்திலை எழுதிக் கிடந்தது. ஆனா இத்தினை பேருக்கு முன்னாலை அதை எப்பிடிச் சொல்லுறது?

"மழைதான்" எண்டார். "மேலை கையைக் காட்டினவ, கண்டனீங்கள்தானே. நாளைக்கும் மழை எண்டு சொன்னவ. நல்ல இங்கிலிஸ்."

அவ்வளவுதான். சனம் சிரிச்ச சிரிப்பிலை மிக்சர் கோப்பை கவிண்டுது. முதலாளி கேக்க முதல் இந்தக் கதை லாச்சப்பல் முழுக்கப் பரவிட்டுது. சீலன் என்னோடை ஒரு கிழமை கதைக்கேல்லை. தெருவாலை போனால் "மழைச் சீலன், குடை எங்கை?" எண்டு கூப்பிடுவினம். கடைக்குள்ளையும் கூப்பிடுவினம், மெற்றோவிலையும் கூப்பிடுவினம். ஒருநாள் நான் பின்னாலை வாறன், எதிர்ப் பக்கத்திலையிருந்து ஒருத்தன் "சீலன்!" எண்டு கத்தினான். பெடியன் உடனை திரும்பிப் பாத்தான், ஒரு நொடியும் பிந்தேல்லை.

மலருக்குத்தான் வில்லங்கம். மழை வரும் எண்டு நம்பி அடுத்த நாள் உடுப்புத் தோய்க்காமல் விட்டிட்டாள். விடிய எழும்பிப் பாத்தால் நல்ல வெயில். யன்னலைத் திறந்து வைச்சுக்கொண்டு என்னைப் பிடிச்சிட்டாள்: "எங்கை அக்கா மழை? உங்கடை வெள்ளைக்காரி மழை எண்டாளே?"

"அது ஸ்கொட்லாந்துக்குச் சொன்ன மழை மலர்" எண்டன். "எங்களுக்கில்லை. நீ தோய்."